பழவேற்காட்டுக்குப் போன வாலிபால்

ஈப்போவில் நான் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இந்தியாவுக்குப் போய்வர முடியுமா? செலவெல்லாம் வெள்ளைக்காரர்களுடையது" என்று கேட்டார். சும்மா கிடைக்கிற எதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எதற்கு என்றேன். ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு நாட்டு விளையாட்டு அமைப்பு, ஏழை நாட்டுப் பெண்களை விளையாட வைக்கப் புறப்பட்டிருக்கிறதாம். ஆணும் பெண்ணும் சமம், அதை மைதானத்திலிருந்து தொடங்குவோம் என்பது அவர்கள் கொள்கை. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் ஒரு மீனவக் குப்பத்தைப் பிடித்திருக்கிறார்கள். வாலிபால் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த, தமிழும் ஆங்கிலமும் பேசுகிற ஒரு பெண் வேண்டும். இந்தியாவில் அப்படி ஒருத்தி கூடவா இல்லை என்று கேட்டேன். தலைமையாசிரியர் அவர்கள் அனுப்பிய கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு அந்தக் கரையில் உறவும் இல்லை, ஏக்கமும் இல்லை. என் தாத்தா கப்பலேறியது வேறு ஊரிலிருந்து. ஆனாலும் புறப்பட்டுவிட்டேன். என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்கிற குறுகுறுப்புதான் காரணம்.

சென்னையில் கிர்ஸ்டன் என்ற பயிற்சியாளர் எனக்காகக் காத்திருந்தாள். என்னைவிட ஒரு முழம் உயரம். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருந்தது. அவளிடம் ஒரு வாலிபால் வலை, பை நிறையப் பந்துகள், ஒரு சாக்கு கேன்வாஸ் ஷூ எல்லாம் இருந்தன. ஏன் மலேசியாவிலிருந்து ஆள் பிடித்தீர்கள் என்று முதல் வேலையாகக் கேட்டேன். "உள்ளூர் ஆள் என்றால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். நீங்கள் சாய மாட்டீர்கள்" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியாது.

ரயில் அனுப்பம்பட்டில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். எங்கள் ஊரில் ரயில் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தைச் சோகமாகவாவது வைத்துக்கொள்வார். இங்கே அவர் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் கிர்ஸ்டனைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு என்பதால் எனக்கு அது காதில் ஏறும்.

"இந்த உசரமானவள் டாக்டராகத்தான் இருப்பாள்" என்றாள் ஒருத்தி.

"ஆமாம். மறுபடியும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ண ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள். அன்றைக்கு வேன் வந்தபோது என் வீட்டுக்காரர் தாழம்புதரில் ஒளிந்து கிடந்தார்" என்றாள் மற்றவள்.

இதை நான் கிர்ஸ்டனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

பொன்னேரியிலிருந்து பஸ், பழவேற்காட்டிலிருந்து படகு. குப்பத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே சிலருக்கு எங்கள்மேல் கோபம் இன்னும் தீராமல் இருக்கலாம். ஏரி நடுவில் படகுக்காரர் கோலைத் தண்ணீரில் ஊன்றி நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். கூலியை ஏற்றத்தான் இந்த நாடகம் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எறங்குங்கம்மா" என்றார்.

"இங்கயா?"

"தண்ணி இல்ல. சேறு. எல்லாரும் எறங்கித் தள்னாத்தான் போவும்."

அவ்வளவு பெரிய ஏரி, நடுவில் முழங்கால் ஆழம்தான். சாமான்களை மட்டும் படகில் விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் தள்ளினேன். கிர்ஸ்டன் சிரித்துக்கொண்டே தள்ளினாள். சேற்றில் என் செருப்பு ஒன்று போனது போனதுதான்.

சாமான்களைக் குப்பத்தில் இறக்கி வைத்துவிட்டு அன்றே திரும்பிவிட்டோம். நாங்கள் தங்கியது பழவேற்காட்டு ஊருக்குள், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மாடி அறையில். வீட்டுக்கார அம்மாள் ஹமீதா, அந்தக் காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பத்தில் வந்தவர். நண்டுக் குழம்பு வைத்திருந்தார். அவர்கள் அதை ஆணம் என்கிறார்கள். எங்கள் ஊரில் தேங்காய்ப் பாலை ஊற்றி நண்டின் சுவையை மூடிவிடுவோம். இங்கே நண்டு நண்டாகவே இருந்தது. இவ்வளவு நன்றாக உபசரிக்கிறாரே, என்ன வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மறுபடி குப்பத்துக்குப் போனோம். ஊர்த் தலைவர் ஏழுமலை, வலை காயப்போடும் மணல்மேட்டை மைதானமாக விட்டுக்கொடுத்தார். கம்பம் நட்டு எங்கள் வலையைக் கட்டியதும் ஆண்கள் கூடிவிட்டார்கள். முடிச்சை இழுத்துப் பார்த்தார்கள். "இதுல ஒரு கெழுத்தி கூட நிக்காது" என்றார் ஒருவர். பிறகு அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வலை போயிற்று, இனி ஏரியில்தான் பார்ப்போம் என்று கிர்ஸ்டனிடம் சொன்னேன். சற்று நேரத்தில் ஓரம் முழுதும் புது முடிச்சு போட்டுக் கொண்டுவந்து கட்டினார்கள். ஈப்போவில் எங்கள் பள்ளி வலை கூட அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை.

பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளி நின்றார்கள். கிர்ஸ்டன் ஷூவை எடுத்து நீட்டினாள். யாரும் கை நீட்டவில்லை. கடைசியில் ஒருத்தி முன்னே வந்தாள்.

"இத வாங்கிகினா எங்கியாச்சும் கையெழுத்து போடணுமாக்கா?"

அவள்தான் அஞ்சலை. பதினெட்டு முடிந்த பெண். இறால் கம்பெனிக்காரர்கள் போட்டிருந்த கொட்டகையில் இறால் உரிக்கிறவள். கையெழுத்து வேண்டாம் என்றேன். "அப்ப எதுக்கு சும்மா குடுக்கறாங்கோ?" என்றாள். சந்தேகப்படுவதில் என் ஜாதிதான் இவளும் என்று எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

அன்று அவள் குதித்த குதியை நான் மறக்கவில்லை. பந்து எங்கே வரும் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அங்கே போய்விட்டிருப்பாள். ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு மணலிலிருந்து எழும்பி வலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் அடித்தாள். இத்தனை வருடம் வாலிபால் சொல்லிக் கொடுத்ததில் அப்படி ஒரு பிள்ளை எனக்குக் கிடைத்ததில்லை. கிர்ஸ்டன் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அன்று மட்டும் நான் எதையும் சந்தேகப்படவில்லை.

அடுத்த நாள் போனால் வேறு பன்னிரண்டு பெண்கள் நிற்கிறார்கள். அஞ்சலையைக் காணோம். நேற்று வந்தவர்களில் ஒருத்தி கூட இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தினம் ஒரு கூட்டத்தை அனுப்பினால் தினம் பன்னிரண்டு ஜோடி ஷூ. தலைவர் பலே ஆள். கிர்ஸ்டனைத் தனியே கூப்பிட்டு, சாக்கைக் கட்டி வைக்கச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

ஆனால் அந்தப் பெண்கள் ஷூ கேட்கவே இல்லை. குனிந்து பார்த்தேன். காலில் நேற்றைய ஷூக்கள். பெரிதாக இருந்தவற்றில் துணியைத் திணித்திருந்தார்கள். மூன்றாம் நாளும் அப்படித்தான், அதே ஷூக்கள், வேறு கால்கள். திருட்டு இல்லை என்று ஆனதும் எனக்குப் பேஜார் இன்னும் அதிகமாகிவிட்டது. திருட்டு என்றால் ஒரு கணக்கு உண்டு. இது என்ன கணக்கு?

நேரே ஏழுமலையிடம் போனேன். வலை மேட்டின் ஓரத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, தினம் ஒரு கூட்டம் வருது. ஒரே பிள்ளைங்க வந்தாத்தானே ஆட்டம் படியும்?"

"அது எப்டி டீச்சரம்மா?" என்றார். "ஏரில நல்ல எடம்னு கொஞ்சந்தான் கீது. தெனிக்கும் ஒர்த்தனே அங்க வலை வுட்டான்னா மத்தவன் இன்னா மண்ணையா துன்றது? அதுக்குத்தான் பாடு. இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. சீட்டு போட்டு எடுப்போம். உங்க பந்தும் அப்டித்தான். நல்லதுன்னு ஒண்ணு ஊருக்குள்ள வந்துச்சின்னா ஊட்டுக்கு ஒரு பாடு."

"மீன் வேற, பந்து வேற."

"உங்க ஆட்டத்துலயே சுத்திச் சுத்தி எடம் மாத்தறீங்களே, அதப் பாத்துதான் ஒத்துகினோம். முன்ன ஒர்த்தன் கிரிக்கெட் மட்டை எடுத்துகினு வந்தான். ஒரே ஆளு நாள் பூரா மட்டையப் புடிச்சிகினு நிக்கிறான். மத்தவன்லாம் வெயில்ல பந்து பொறுக்கிகினு ஓட்றான். எங்களுக்கு அது சரிப்படாதுன்னு அனுப்பிட்டோம்."

இதை மொழிபெயர்த்ததும் கிர்ஸ்டன் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "எங்கள் நாட்டில் கூட இப்படி ஒரு சமத்துவம் இல்லை" என்றாள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் கண் கலங்காது.

"அப்படின்னா அஞ்சலைக்கு மறுபடி எப்போ பாடு?" என்று கேட்டேன்.

ஏழுமலை பீடியை அணைத்தார். "அவளுக்கு ஏது பாடு? அவ நைனா முகத்துவாரத்துல காத்துல மாட்டிச் செத்துப் பூட்டான். ஆம்பள இல்லாத ஊட்டுக்கு பாடு கெடையாது. மொத நாளு அவ மாமன் ஊட்டுப் பாட்டுல வந்தா. மாமன் பொண்ணுக்கு ஜொரம்."

அதையும் மொழிபெயர்த்தேன். கிர்ஸ்டன் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பிறகு, "இது அவர்கள் வழக்கம். நாம் தலையிடக் கூடாது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சமத்துவம் என்று துணியில் எழுதி மைதானத்தில் கட்டியிருந்தது அவள்தான், நான் இல்லை.

அன்று மாலையே இன்னொரு விஷயம் வெளியே வந்தது. கிர்ஸ்டனின் அமைப்பு, குப்பத்திலிருந்து ஒரு பெண்ணைச் சென்னைக்குக் கூட்டிப்போய் விடுதியில் வைத்துப் படிப்பும் பயிற்சியும் கொடுக்கப்போகிறது. அப்படித் தேறி வந்தவர்களுக்கு ரயில்வேயில், தபால் ஆபீசில் விளையாட்டுக்காரர் என்று வேலை கிடைக்கும். ஒரே ஓர் இடம். நான் அஞ்சலை என்றேன். கிர்ஸ்டனும் தலையாட்டினாள். ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க ஒருத்தியக் கையக் காட்டிட்டுப் பூடுவீங்க. மத்த ஊட்டுக்காரன் மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது? சீட்டுதான்" என்றார்.

சீட்டுப் போடுகிற குடத்தில், பாடு உள்ள வீடுகளின் சீட்டு மட்டும்தான் விழும். அதாவது அஞ்சலையின் பெயர் அதில் இருக்காது. கிர்ஸ்டன் இதற்கும் சரி என்றுவிட்டாள்.

நான் அஞ்சலையைத் தேடிக்கொண்டு இறால் கொட்டகைக்குப் போனேன். ஐஸ் உருகி ஓடும் தரையில் வரிசையாகப் பெண்கள் குந்தி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா கன்னியம்மாவும் பக்கத்தில் இருந்தாள். அஞ்சலை கையைக் கழுவிக்கொண்டு வந்து விரல்களை நீட்டிக் காட்டினாள். நகக்கண் எல்லாம் வெடித்து வெளுத்துப்போயிருந்தது.

"இதுலயே இன்னும் ரெண்டு வருசம் கெடந்தா இந்த வெரலு பந்தத் தாங்காதுக்கா. நீங்க சொன்னா அந்த வெள்ளக்காரம்மா கேக்காதா?"

"சொல்லிப் பார்த்துட்டேன்."

"அப்ப கேக்காது" என்றாள். கன்னியம்மா தலையை நிமிர்த்தாமலே, "எனுக்கு ஒரு ஆம்பளப் புள்ள பொறந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல" என்றாள். அன்று ஹமீதா வீட்டில் மடவை மீன் வறுத்திருந்தார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

சீட்டுப் போட்டது மறுநாள் மத்தியானம், அம்மன் கோயில் முன்னால். ஆண்கள் முன்வரிசை, பெண்கள் பின்னால். ஒரு பித்தளைக் குடத்தில் மடித்த சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். சீட்டு எடுக்க ஒரு சின்னப் பெண்ணை ஏழுமலையே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். குடத்துக்குள் போவதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் விரல்கள் மூடியிருந்ததைப் பார்த்துவிட்டேன். மூடிய கை உள்ளே போய், மூடிய கையாகவே வெளியே வந்தது.

சீட்டைப் பிரித்துப் படித்தார்கள். தலைவர் ஏழுமலை வீடு.

இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்பதுபோல் எழுந்தேன். என் மணிக்கட்டை யாரோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்கள். கன்னியம்மா. "வாயத் தொறக்காதம்மா" என்றாள் மெதுவாக.

ஏழுமலை தொண்டையைச் செருமிக்கொண்டார். "எம் பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சி. அவ எங்கியும் போறதுக்கில்ல. என் பாட்ட நான் கன்னியம்மா பொண்ணுக்கு வுட்டுக்குடுக்கறேன்" என்றார்.

எழுந்தவள் மெதுவாக உட்கார்ந்தேன். பாடு உள்ளவன் தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது அவர்கள் வழக்கத்தில் உண்டு. அந்த ஒரு வழியைப் பயன்படுத்தத்தான் மனுஷன் சீட்டையே திருடியிருக்கிறார். என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் நான் நினைத்த திருட்டு அது இல்லை. கன்னியம்மா அழுதுகொண்டிருந்தாள். கிர்ஸ்டன் கை தட்டினாள்.

அஞ்சலை எழுந்து நின்றாள்.

"பாடு வுட்டுக்குடுத்தா, புடிக்கிற மீன்ல பாதி பாட்டுக்காரனுக்குன்னு ஊர்ல பேச்சு. நான் எதுல பாதி குடுக்கறது தலைவரே?"

"உங்கிட்ட எவன் பாதி கேட்டான்?" என்றார் ஏழுமலை.

"இன்னிக்கு நீங்க கேக்க மாட்டீங்க. நாளைக்கு நான் சம்பாரிக்கும்போது உங்க புள்ள கேப்பான். அவன் கேக்கலன்னாலும் ஊரு சொல்லும், தலைவர் போட்ட பிச்சைன்னு. எனுக்கு அது வாணாம். எங்க அம்மா பேருல ஒரு சீட்டு போடுங்க. ஏரில கேக்கல. பந்துல போடுங்க."

"வாய மூடுடி" என்று கன்னியம்மா அவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள். கையில் வந்த இடத்தை இந்தப் பெண் தட்டிவிடுகிறாளே என்று எனக்கும் பதறியது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் அவள் சென்னைக்குப் போயிருப்பாள்.

முன்வரிசையில் ஒருவர், "பந்துல குடுத்தா நாளைக்கி ஏரில கேப்பாளுங்க" என்றார். அவர் சந்தேகப்பட்டதும் நியாயம்தான். ஏனென்றால் உடனே பின்னாலிருந்து இன்னொரு விதவை, "அப்ப எம் பேரும் போடு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். ஆண்கள் ஆளுக்கு ஆள் பேசினார்கள், ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். ஏழுமலை மட்டும் அஞ்சலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் இருந்தது, அது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கடைசியில், "ஏரி வேற, பந்து வேற. பந்துல போடுவோம்" என்றார்.

சீட்டை யார் மடிப்பது என்று மறுபடி பேச்சு. கிர்ஸ்டனே மடிக்கட்டும் என்றாள் அஞ்சலை. அங்கே இருந்தவர்களில் தமிழும் படிக்கத் தெரியாமல், எந்த வீட்டோடும் உறவும் இல்லாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். கிர்ஸ்டன் எல்லாச் சீட்டையும் ஒரே மாதிரி மடித்தாள். அந்தச் சின்னப் பெண் இந்தத் தடவை விரல்களை விரித்து எல்லோருக்கும் காட்டிவிட்டுக் குடத்துக்குள் கைவிட்டாள்.

வந்தது வடக்குக் கோடி வீடு. ராணி என்று ஒரு பெண். அவள் முறை வந்த நாளில் பந்து வரும்போதெல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடியவள். அவள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். ராணி எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள்.

அந்தச் சீட்டில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. யாராவது கொஞ்சம் ஏமாற்றியிருக்கக் கூடாதா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அஞ்சலையைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் தாவணியைச் சரிசெய்துகொண்டு ராணியிடம் போய் ஏதோ சொன்னாள். இரண்டு பேரையும் கூட்டிப் போகலாம் என்று கிர்ஸ்டனோடு படகிலும் வழியிலும் மாடிப்படியிலும் சண்டை போட்டேன். ஓர் ஆளுக்குத்தான் அனுமதி என்பதையே அவள் திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவளும் அழுதாள் என்பதை நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

கிளம்புகிற நாள் காலையில் ராணியை அழைத்துப் போகக் குப்பத்துக்குப் போனோம். ஏழுமலை வந்து நின்றார், என்னோடு அதிகம் பேசவில்லை. பெட்டியைப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அஞ்சலை தூக்குச்சட்டியோடு வந்தாள், கொட்டகைக்குப் போகிற வழியில்.

"வர்ற வருசமும் சீட்டு போடுவீங்க இல்ல? இப்ப எங்கம்மா பேரும் கொடத்துல கீது" என்றாள்.

கிர்ஸ்டனிடம் கேட்டேன். அவள் படகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். "அதை அங்கே தலைமையகத்தில் முடிவு செய்வார்கள். அடுத்த வருடம் வேறு நாட்டுக்குப் போகலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது" என்றாள்.

அஞ்சலை அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டுச் சொல்றாங்களாம்" என்றேன்.

"மூஞ்சப் பாத்தா அப்டித் தெரிலியேக்கா" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள்.